கைத்தொழிலாளரின் மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மோதெனா என்றொரு நகரம் உண்டு. பரப்பிற் சிறியது, மக்கள் நெருக்கமோ மிகுதி. உயர்ந்த வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்து வீடுகளின் மலக்குழிகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள்விட்டுத் துப்புரவு செய்வது வழக்கமாக இருந்தது. அவ்வாறு ஒருமுறை, அவ்வூர் மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக் குழியிலும் வேலை நடந்தது. வீட்டுக்காரர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழிக்குள் இருந்தவர் மூச்சுவிடவும் நேரமின்றிப் பதைபதைப்புடன் வாரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். இத்தகைய வேலையை இத்துணை அவசரமாகச் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்வானேன், சற்று நிதானமாகச் செய்யலாகாதா என்று பேராசிரியர் வினவினார். அவ்வெளிய மனிதர் குழியினின்றும் தலையை உயர்த்தி, இதைச் செய்து பாராதவருக்கு இதன் கொடுமை விளங்காது என்றும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருப்பது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும் என்றும் விடை கூறினார்.

இவ்வளவில் வீட்டுக்குள் போயிருந்தால் அப்பேராசிரியரைப் பற்றி இம்மலரில் நாம் எழுத நேர்ந்திராது. அவர் போகவில்லை. வேலை முடியும் வரை காத்திருந்தார். தொழிலாளி மேலேறி வந்ததும் அருகிற் சென்று அவருடைய கண்களைக் கூர்ந்து நோக்கினார். அவை சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்கிறீர்கள் என்று கேட்டார். மருந்தென்று ஒன்றுமில்லை, நேரே வீட்டுக்குப் போய் இருட்டறையில் மறுநாள் வரை அடைந்து கிடப்போம், இளஞ்சூடான நீரால் கண்ணைக் கழுவுவோம், சிறிது தணியும் என்றார் அவர். தொண்டை எரிகிறதா, மூச்சு முட்டுகிறதா, தலை நோகிறதா, நாற்றத்தால் மூக்கோ வயிறோ வருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் மருத்துவர். அவையொன்றும் இல்லை, கண் மட்டுமே போகிறது, நம்முடன் வேலை செய்தோர் சிலர் இவ்வாறே குருடாயினர் என்றார் தொழிலாளி. அதன்பின் நகரத்துத் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்த குருடர்களை அம்மருத்துவர் கவனித்துப் பார்த்தார். அவர்களுள் சிலர் முன்பு மலக்குழித் தொழில் செய்தவர்கள் என்பதைக் கண்டார்.

அம்மருத்துவர் தாம் பெர்னார்டினோ ராமட்சினி. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி உலகில் முதன்முதலாக முழுநூல் ஒன்று எழுதி, தொழிலாளர் மருத்துவம் என்னும் தனித்துறைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர். அவருக்கு அந்நூலை எழுதும் எண்ணத்தை ஊட்டியது அந்த மலக்குழித் தொழிலாளியின் விடைதான் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் அத்தொழிலாளியின் பெயரை அவர் எழுதவில்லை. கேட்டாரோ இல்லையோ, நாம் அறியோம்.

வெளிநாட்டார் ஒருவரின் வரலாற்றுக்கு நம் சங்கத்து வெள்ளி விழா மலரில் இடம் ஏன் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். அவர் நூலின் அதிகாரத் தலைப்புகளைப் படிப்போர் அக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மலம் எடுப்போர், தோல் பதனிடுவோர், பிணம் புதைப்போர், துணி வெளுப்போர், மருத்துவச்சிகள், செங்கல் அறுப்போர், கிணறு தோண்டுவோர், சுமை தூக்குவோர் என்று அவ்வரிசை செல்கிறது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் எந்தத் தொழில்களின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அத்தொழில்கள் அவை.

ராமட்சினியார் 1633ஆம் ஆண்டு, மோதெனாவுக்கு அண்மையிலுள்ள கார்ப்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரில் ஏசு சபைத் துறவிகள் நடத்திய பள்ளியில் இலத்தீன் பயின்று, பின் பார்மா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருள் நூலும் மருத்துவமும் கற்று 1659இல் பட்டம் பெற்றார். உரோமை நகருக்குச் சென்று மேலும் பயிற்சி பெற்றபின், அந்நகருக்கு வடக்கேயுள்ள கனீனோ, மார்த்தா என்னும் ஊர்களுக்கு மருத்துவராக அமர்ந்தார். சதுப்பு நிலமும் கொசுவும் நிறைந்த பகுதி அது. மலேரியா அவரையும் விடவில்லை. நோய் முற்றி, வேலையை விட்டுச் சொந்த ஊர் திரும்பினார். நோயாளியாய்க் கிடந்து எழுந்தவர் என்பதாலோ என்னவோ, பிற்காலத்தில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவர் சலித்ததில்லை.

கார்ப்பியில் மணம் புரிந்து, சில ஆண்டு தொழில் நடத்தி, 1671இல் மோதெனாவுக்குக் குடிபெயர்ந்தார். வெளியூரார் என்று அந்நகரத்து மருத்துவர்கள் அவரை ஏளனமாகவே பார்த்தனர். அவரும் வாளாவிருக்கவில்லை. நோயாளி ஒருவரின் மரணத்தை ஒட்டி எழுந்த வழக்கில் மறுப்பு நூலும் மறுப்புக்கு மறுப்புமாகப் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1682இல் மோதெனாக் கோமகன் இரண்டாம் பிரான்சிசுகோ அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தைப் புதுப்பித்தபோது மருத்துவப் பேராசிரியர் பதவி ராமட்சினியாருக்குக் கிடைத்தது. அங்கே 18 ஆண்டுகள் கற்பித்தார்.

அக்காலத்தில் அவர் நாட்டுப்புறத்து மக்களின் கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்தார். 1690ஆம் ஆண்டு மழை மிகுந்து, பயிர்கள் துருநோயால் அழிந்து, உழவர் குடிகளைக் காய்ச்சல் வாட்டியது. எந்த மாதத்தில் எத்தகைய மழை, எந்தக் காற்று, யார் யார் நோயுற்றார்கள் என்று குறித்து அவர் நூல் எழுதினார். மோதெனாவின் ஊற்றுக் கிணறுகளில் நீர் தானே பொங்கி எழும் காரணத்தை ஆராய்ந்து 1691இல் ஒரு நூல் வெளியிட்டார். கிணறு தோண்டுவோர் குழிக்குள் இறங்கும்போது தாமும் இறங்கிப் பார்த்தே அதை எழுதினார் என்பர். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு மோதெனாவுக்கு வந்தபோது இவருடன் பழகி நண்பரானார். இவையெல்லாம் அவருக்குப் புகழ் தந்தன. எனினும் இன்று உலகம் அவரை நினைப்பது 1700ஆம் ஆண்டு மோதெனாவில் அச்சேறிய ஒரே நூலுக்காகத்தான். தொழிலாளரின் நோய்கள் என்பது அதன் பொருள். இலத்தீனில் எழுதப்பட்டது.

அந்நூலை எழுதுவதற்கு அவர் ஏட்டுப் படிப்பை மட்டும் நம்பவில்லை. பட்டறை பட்டறையாகச் சென்றார். கற்றவர் கால் வைக்கக் கூசும் இடங்களுக்குள் நுழைவதை இழிவென்று தாம் கருதவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அன்றைய மருத்துவர்கள் ஏழை வீட்டுக்குப் போனால் நின்றபடியே நாடி பிடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்கே மருத்துவருக்குப் பொன்முலாம் பூசிய நாற்காலி கிடைக்காது, மூன்றுகால் முக்காலிதான் கிடைக்கும், அதில் அமர்ந்து முகமலர்ச்சியுடன் பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். கிரேக்க நாட்டுப் பண்டை மருத்துவர் இப்போகிரேத்தீசு நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்திருந்தார். என்ன நோவு, எத்தனை நாளாக, என்ன உண்டாய் என்பவை போன்றவை அவை. இரண்டாயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகம் அவற்றையே கேட்டு வந்தது. அவற்றுடன் இன்னொரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்றார் ராமட்சினியார். நீ செய்யும் தொழில் யாது என்பதே அது.

இதில் என்ன புதுமை என்று இன்றைக்குத் தோன்றலாம். நம் நாட்டில் தொழிலைக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. எட்டி நில் என்று சொல்வதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. அதே கேள்வியை ஒரு மனிதரின் வலியை அறிவதற்காகக் கேட்கலாம் என்று ஒருவர் எழுதி வைத்தாரே, அதுதான் புதுமை.

முதற்பதிப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இடம் பெற்றன. சுரங்கத் தொழிலாளரிலிருந்து நூல் தொடங்குகிறது. பூமிக்குள் காற்றோட்டமின்றித் தூசியையும் உலோகப் புகையையும் சுவாசிப்பதால் வரும் இளைப்பும் சாவும் அங்கே கூறப்படுகின்றன. அடுத்துப் பொன்முலாம் பூசுவோர். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் வாட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது அன்றைய முறை. எவ்வளவுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அந்த ஆவி உட்சென்று விடும். கழுத்தும் கைகளும் நடுங்கும், பற்கள் விழும், கால்கள் தள்ளாடும். வெனிசு நகரை அடுத்த மூரானோத் தீவில் கண்ணாடிக்கு இரசம் பூசுவோருக்கும் இதே கதிதான். தாம் செய்த கண்ணாடியில் தம் வாடிய முகத்தையே கண்டு, அத்தொழிலை எடுத்த நாளை நொந்துகொள்வார்கள் என்று அவர் எழுதினார்.

குயவரைப் பற்றிய அதிகாரம் நம்மைத் தனியே நிறுத்தி வைப்பது. மட்பாண்டத்துக்கு மெருகேற்ற ஈயத்தைச் சுட்டு அரைத்துக் கூழாக்கிப் பூசுவார்கள். அரைக்கும்போதும் பூசும்போதும் அந்த நஞ்சு உடம்பில் ஏறும். முதலில் கை நடுங்கும்; பிறகு கை மடங்கி விழும்; பின்னர் பல் உதிரும்; முகம் ஈயத்தின் நிறமாகிவிடும். கையும் காலும் முழுவதும் ஓய்ந்த பின்னரே அவர்கள் மருத்துவரைத் தேடி வருகிறார்கள், அதற்குள் வறுமை என்னும் இன்னொரு நோயும் வந்து சேர்ந்துவிடுகிறது என்று வருந்துகிறார் ஆசிரியர். ஈய நஞ்சு நரம்பைத் தாக்கிக் கைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதைப் பிற்கால மருத்துவம் உறுதி செய்தது. ஏன் என்று அறியும் வேதியியல் அவர் காலத்தில் இல்லை; கண்ணாற் கண்டதைக் குறையாமல் எழுதும் நேர்மை இருந்தது.

தோல் பதனிடுவோரைப் பற்றி அவர் எழுதியதை நம்மவர் நன்கு உணர்வர். சுண்ணாம்புக் குழியிலும் பதக்குழியிலும் தோலை ஊறவைத்து, மிதித்து, உரித்து, கழுவி நாளெல்லாம் ஈரத்திலும் நாற்றத்திலும் நிற்போர் முகம் வெளிறி, உடம்பு ஊதி, மூச்சு வாங்கி நடப்பதை அவர் கண்டார். நம் வடாற்காட்டுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த பெரியவர்களின் கால்விரல் இடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பு வந்தபின், தோலில் துளை விழுந்தாற்போன்ற ஆறாப் புண் என்னும் புதிய துன்பமும் சேர்ந்தது. அது ராமட்சினியாரின் காலத்தில் இல்லாத கேடு.

பேக்கரித் தொழிலாளர் ஊர் உறங்கும்போது விழித்து மாவுத் தூசியை விழுங்குவதையும், தானியம் சலிப்போர் உடம்பெல்லாம் அரிப்பெடுத்து மூச்சுத் திணறுவதையும், வெளுப்போர் காரநீரின் ஆவியில் வெந்து கை வெடித்து நிற்பதையும், வெனிசில் ஒரு பகுதி முழுவதும் குடியிருந்து செம்பு தட்டும் கன்னார் செவிடராவதையும் அவர் விடாமல் எழுதினார். எழுத்து வேலை செய்வோரையும் விட்டாரில்லை. ஓயாமல் எழுதியதால் வலக்கை செயலற்றுப்போன ஒருவர் இடக்கையால் எழுதப் பழக, சில நாளில் அக்கையும் அதே நோய்க்கு ஆளான கதை அவர் நூலில் இருக்கிறது. பாலூட்டும் தாயரைப் பற்றி எழுதும்போது, கன்னிமாடத்துத் துறவியருக்கு மார்பில் புற்றுநோய் மிகுதியாக வருவதைக் குறிப்பிட்டார். பிள்ளை பெற்றுப் பாலூட்டுவதற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் மெய்ப்பித்தன.

இவை அனைத்தினும் மேலாக நம் நெஞ்சில் தைத்தது யூதரைப் பற்றிய அதிகாரமாகும். மோதெனாவில் 1638ஆம் ஆண்டு முதல் யூதர்கள் சுவரால் அடைக்கப்பட்ட தனிச்சேரியில் வாழும்படி செய்யப்பட்டிருந்தனர். நிலம் உழவும் பல தொழில்களில் நுழையவும் அவர்களுக்கு வழியில்லை. பழந்துணி வாங்கி விற்பதும், பழைய மெத்தைகளின் பஞ்சையும் கம்பளியையும் அடித்துப் புதுப்பிப்பதும், கிழிந்தது தைப்பதும் அவர்களுக்கு விடப்பட்ட பிழைப்பு. அவர்கள் உடம்பிலேயே பிறவி நாற்றம் ஒன்று உண்டென்று ஊரார் சொல்லிவந்தனர். படித்தவரும் அதை நம்பினர். ராமட்சினியார் அதை மறுத்தார். அது பிறப்பால் வருவதன்று, அவர்களுள் ஏழைகள் நெருங்கி வாழும் குறுகிய வீடுகளாலும் வறுமையாலும் வருவது என்று எழுதினார். அழுக்குக் கம்பளித் தூசியால் அவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வருவதையும், சன்னல் வெளிச்சத்தில் இரவும் பகலும் தைக்கும் பெண்களுக்குப் பார்வை குன்றுவதையும் எடுத்துக்காட்டினார். அவ்வதிகாரத்தில் அக்காலத்து மனப்பான்மையின் கறை இல்லாமலில்லை. யூதரைக் குறித்து அவர் சொன்ன சில வார்த்தைகளை நாம் ஏற்க இயலாது. ஆயினும், பிறப்பில் ஒட்டியது என்று உலகம் நம்பிய ஒன்றைப் பிரித்தெடுத்து, இது தொழிலால் வந்தது, இது வீட்டால் வந்தது என்று மருத்துவர் ஒருவர் காட்டியது சிறிய செயலன்று. தீட்டு என்று நம்மைத் தள்ளிய கதையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

நோயைத் தடுக்க அவர் சொன்ன வழிகள் யாவை? தூசித் தொழிலில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுதல், காற்றுக்கு முதுகு காட்டி நிற்றல், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலையை நடத்துதல், வேலை முடிந்ததும் உடம்பைக் கழுவி உடை மாற்றுதல், ஒரே நிலையில் உட்கார்ந்திருப்போர் ஓய்வுநாளில் நடந்து உடற்பயிற்சி செய்தல் போன்றவை. மலக்குழித் தொழிலாளர் ஒளி புகும் மெல்லிய விலங்குப் பையை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்றார். செந்தூரம் அரைப்போரிடம் அவர் கண்ட முறை அது. தொடர்ந்து குழிக்குள் நில்லாமல் இடையிடையே மேலேறி வரவேண்டும், கண் பலவீனமானவர்கள் இத்தொழிலை விட்டுவிட வேண்டும் என்றும் கூறினார்.

இங்கேதான் நமக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. தொழிலை விட்டுவிடு என்று சொல்வது எளிது. விட்டால் வேறு வேலை தருபவர் யார்? குழியின் உரிமையாளர் யார்? மெருகேற்றிய பாண்டத்தை வாங்குபவர் யார்? இவற்றை அவர் கேட்கவில்லை. கோமகனின் ஆதரவில் வாழ்ந்தவர் அவர். அரசு சட்டம் செய்ய வேண்டும், முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர் நூல் வலியுறுத்தவில்லை. இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல் என்று அவர் சொன்ன சிகிச்சைகளுள் பல இன்று கைவிடப்பட்டவை. அவரைத் தெய்வமாக்க நாம் எழுதவில்லை.

ஆனால் ஒரு நிகழ்ச்சியை அவர் மறைக்காமல் எழுதினார். மோதெனாவுக்கு அருகே பினாலே என்னும் ஊரில் வணிகர் ஒருவர் வீரம் என்னும் பாதரச உப்பைக் காய்ச்சும் பெரிய தொழிற்கூடம் வைத்திருந்தார். அதற்காக அன்னபேதியைச் சுடும்போது எழும் புகை ஊர்க்காற்றைக் கெடுக்கிறது என்று அவ்வூரார் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மருத்துவரின் சான்றிதழைக் காட்டினார். அதோடு நில்லாமல், கோயிலின் மரணப் பதிவேட்டையும் கொண்டுவந்து, அத்தொழிற்கூடத்தை ஒட்டிய பகுதியில் நெஞ்சு நோயால் இறந்தோர் தொகை கூடுதல் என்று காட்டினார். அறிஞர்கள் இருபுறமும் வாதிட்டனர். தீர்ப்பு வணிகருக்குச் சாதகமாக முடிந்தது. தொழிற்சாலைப் புகையைப் பற்றிய வழக்கில் இறந்தோர் கணக்கைச் சான்றாக வைத்த மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. வழக்கில் தோற்றாலும் கணக்கு நூலில் ஏறிவிட்டது. எழுதி வைத்தலின் பயன் அது.

அந்த மோதெனாத் தொழிலாளியின் கண்ணைக் கெடுத்தது எது என்பதை இன்று நாம் அறிவோம். மலமும் கழிவும் காற்றின்றி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. சிறு அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். கண்ணின் மேற்படலத்தை அரித்துச் சிவக்கச் செய்யும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத் திறனே மரத்துப்போகும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கியதென்று உள்ளிருப்பவர் எண்ணுவார். மேலும் கூடினால் சில மூச்சுகளிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அப்படியே விழுவார். நம் நாட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக இருவர் மூவர் இறந்தார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

ராமட்சினியார் கேளாமல் விட்ட கேள்விகளைப் பின்வந்தோர் கேட்டனர். 1775இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குக் கரியினால் புற்றுநோய் வருவதைக் காட்டினார். 1833இல் இங்கிலாந்தில் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். நம் நாட்டில், 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் 1946இல் தொழிற்சாலைகளின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, குரோமியப் புண், கல்தூசி நோய் முதலியவற்றைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதைக் கடமையாக்கிற்று. நீ செய்யும் தொழில் யாது என்ற கேள்வி அங்கே சட்டமாயிற்று.

மலக்குழித் தொழிலாளருக்கோ சட்டம் மிகப் பிந்தி வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2013இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. நம் மாணவர் விடுதியில் படித்து இன்று பட்டம் பெற்றிருக்கும் பிள்ளைகளுள் தந்தையை அவ்வாறு இழந்தவர் உண்டு. அவர்கள் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.

இனி ராமட்சினியாரின் இறுதிக்காலம். நூல் வெளிவந்த 1700ஆம் ஆண்டிலேயே வெனிசு ஆட்சி மன்றம் அவரைப் புகழ்பெற்ற பாதுவாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தது. அறுபத்தாறு வயது கடந்த முதியவர், உடல்நலமும் குன்றியவர், வீட்டை ஒழித்துக்கொண்டு புறப்பட்டார். 1705இலேயே அவர் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1711இல் வட இத்தாலியில் மாடுகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது அதைப் பற்றிப் பாதுவாவில் சொற்பொழிவாற்றினார். அரசர்களின் உடல்நலம் பற்றியும் நூல் எழுதினார். அது இன்று எவர் நினைவிலும் இல்லை.

பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்ணைப் பற்றி அத்துணை எழுதியவருக்குக் கண் போயிற்று. பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டவும் சொல்வதை எழுதவும் உதவினர். அந்நிலையிலும் தொழிலாளர் நூலுக்கு 12 புதிய அதிகாரங்களைச் சேர்த்து, 1713இல் பாதுவாவில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அச்சுக்கோப்போர், நெசவாளர், தச்சர், கத்தி சாணை பிடிப்போர், செங்கல் அறுப்போர், கிணறு தோண்டுவோர், கப்பலோட்டிகள், சவுக்காரம் காய்ச்சுவோர் முதலானோர் அதில் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1714 நவம்பர் 5ஆம் நாள், மூளையில் தாக்குண்டு 81ஆம் வயதில் பாதுவாவில் காலமானார். இறக்கும் வரை பாடம் சொல்வதை நிறுத்தவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் நம் சங்கத்தின் இலவச மருத்துவ முகாமில் தரப்படும் நோயாளிச் சீட்டு ஒன்று எம் கண்ணில் பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், நோவு என்று ஐந்து கட்டங்கள் அதில் உள்ளன. தொழிலுக்குக் கட்டம் இல்லை. எந்தத் தொழில், எத்தனை ஆண்டுகளாக என்று இரண்டு வரி சேர்த்து அடுத்த முகாமுக்குப் புதுச் சீட்டு அச்சிடுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். இருக்கும் சீட்டுகள் தீரும் வரை, முகாமில் உதவும் மாணவர்கள் அவ்விரண்டையும் சீட்டின் பின்புறத்தில் கையால் எழுதிவிடலாம்.